117-இன் மூன்றாவது பாட்டில்

ஜனவரி 20, திங்கள்

காலை ஆறரைக்கே வேன் வந்து ஹாரன் அடித்தது. காபி பாதியில் நின்றது. இன்று சேதராப்பட்டில் ஒன்பது வீடு. ஒன்பது பேரும் கர்ப்பிணிகள், ஒன்பது பேருடைய காலை முதல் மூத்திரமும் எனக்கு வேண்டும். இரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. கண்ணாடி பாட்டிலில் வாங்கி, எண் அடித்த லேபிளை ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் லாஸ்பேட்டை ஆபீஸ் ஃப்ரீசரில் சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பா ஆகாது. நாங்கள் தேடுவதே பிளாஸ்டிக்கிலும் தொழிற்சாலையிலும் இருந்து வந்து உடம்பின் ஹார்மோனைக் குழப்புகிற ரசாயனங்களை. தாயிடம் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு வயிற்றுப் பிள்ளைக்குப் போகும் என்று பார்க்கிற ஆய்வு.

ஒருத்தியிடம் மூன்று தடவை வாங்க வேண்டும்: மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம். ஏழாம் மாதம் என்று எழுதிய புண்ணியவான் எந்த ஊர்க்காரரோ. வளைகாப்பு போட்டதும் பெண் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஆறு பேர் போய்விட்டார்கள். லேபிள் வேலையில் எனக்குத் துணையாக இருக்கும் சங்கவி பதிவேட்டில் ஆறு கட்டத்திலும் 'கிடைக்கவில்லை' என்று எழுதினாள். ஆய்வை நடத்தும் நிர்மலா மேடம் அதைப் பார்த்துவிட்டு, "கலா, இனிமே ஒண்ணும் விடக்கூடாது. எப்படியாவது புடி" என்றார்.

எப்படியாவது என்றால் எப்படி? வளையலைக் கழற்றச் சொல்லவா?

எனக்கும் இது ஏழாவது மாதம். முதல் இரண்டும் நாலாம் மாதத்திலேயே போனதால் வளைகாப்பு ஒன்பதில்தான் என்று வீட்டில் முடிவு. ஆய்வில் வேலை செய்கிறவர்கள் ஆய்வில் சேரக்கூடாது என்று விதி. நூற்றைம்பது பெண்களின் பாட்டில் என் கை வழியாகப் போயிருக்கிறது. எனக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியாது.

ஜனவரி 23, வியாழன்

மதியத்திலிருந்து நாலு மணி நேரம் வயிற்றில் அசைவில்லை. சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகு ஒரு உதை. என் வீட்டுக்காரர் அரி பள்ளிக்கூட ஆபீஸிலிருந்து வந்ததும் என் முகத்தைப் பார்த்து, "இப்ப என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஜனவரி 27, திங்கள்

வினோதாவும் போய்விட்டாள். எண் 117. சேதராப்பட்டில் எனக்குப் பிடித்த பெண். முதல் தடவை பாட்டிலைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வந்து, "வெக்கமா இருக்குக்கா" என்று சிரித்தவள். இரண்டாம் தடவை நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து எனக்கு மோர் கொடுத்தாள்.

இன்று வாசலில் அவள் மாமியார் சாந்தி மட்டும். "நேத்துதாம்மா வளகாப்பு. சாயங்காலமே செஞ்சிக்கு அழைச்சிக்கினு போயிட்டாங்க. மூத்திரம் குடுக்கறதுக்காவ பொண்ண நிறுத்தி வெக்க முடியுமா, நீயே சொல்லு."

சொல்ல என்ன இருக்கிறது? 117-3 என்று லேபிள் ஒட்டிய பாட்டிலைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன். ஆபீஸில் சங்கவி, "நூத்திப்பதினேழு?" என்று கேட்டாள். நாளைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜனவரி 28, செவ்வாய்

செய்துவிட்டேன். காலையில், எங்கள் வீட்டுக் குளியலறையில். பாட்டில் ஃப்ரீசரில் இருக்கிறது.

மேடத்துக்காகச் செய்தேன் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். பொய். எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். முதல் இரண்டும் ஏன் போயின என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, 'சில நேரம் அப்படித்தான்' என்றார்கள். மூன்றாவதற்காவது ஒரு எண் கிடைக்கட்டும். யாருக்கு நஷ்டம்? ஒரு காலிக் கட்டம் நிரம்புகிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

இந்த மாதத்துப் பாட்டில்கள் டிரை ஐஸ் பெட்டியில் சென்னை லேபுக்குப் போயின. முடிவு வர மூன்று வாரம். பெட்டியை டேப் போட்டு ஒட்டியதே நான்தான்.

பிப்ரவரி 13, வியாழன்

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. மாவுக்கு உப்பு போட்டேனா இல்லையா என்று இரண்டு தடவை நக்கிப் பார்த்தேன். அரி, "பிரசவத்துக்கு முன்னாடியே நீ பைத்தியமாயிடுவ போலருக்கு" என்று சிரித்தார். அவரிடம் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது.

பிப்ரவரி 26, புதன்

முடிவு வந்துவிட்டது. சங்கவி எண்களை வாசித்தாள், நான் பதிந்தேன். 117-3 வந்ததும் அவளே நிறுத்தினாள். "அக்கா, இது இருக்கறதுலயே அதிகம். பிஸ்ஃபீனால். இவங்களோட மொத ரெண்டும் ரொம்பக் கம்மியா இருந்துச்சே?"

பதிந்தேன். பிஸ்ஃபீனால், நாங்கள் தேடும் பிளாஸ்டிக் ரசாயனங்களில் ஒன்று.

என் வயிற்றில் இருப்பதற்கு இப்போது ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணில் வேறொருத்தியின் பெயர். அதிகமாக வந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. அதிகமாக வந்தவர்களை மேடம் நேரில் கூப்பிட்டுப் பேசுவார். இது எனக்குத் தெரியாததா? இரண்டு வருடமாக அந்தக் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதே நான்தானே.

மார்ச் 4, செவ்வாய்

வினோதா ஸ்கேனுக்காகச் செஞ்சியிலிருந்து வந்திருந்தாள். புருஷன் சரத்குமாரும் சாந்தியும் கூட. ஸ்கேன் முடிந்ததும் மேடம் அவர்களை ஆபீஸுக்கு வரவழைத்தார். ஃபைல்களோடு நான் பக்கத்தில் நின்றேன்.

மேடம் நன்றாகத்தான் பேசினார். "இது நோய் இல்ல. இந்த நம்பர வெச்சு குழந்தைக்கு இப்படி ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒரு நாள், ரெண்டு நாள்ல உடம்புக்குள்ள போனத மட்டும்தான் இது காட்டும். ஆனா மொத ரெண்டு தடவ கம்மியா இருந்தது, தை மாசம் எடுத்ததுல அஞ்சு மடங்கு ஆயிருக்கு. நடுவுல வீட்டுல ஏதாவது மாறுச்சா?"

தை மாதம் என்றதும் வினோதா என்னைப் பார்த்தாள். நான் ஃபைலைப் பார்த்தேன்.

சரத்குமார்தான் பேசினார். பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. "நான் கார்த்திகையிலதான் மேடம் மிக்ஸிங் பக்கம் மாறுனேன். மாவு மாதிரி பறக்கும். அந்தத் துணியோடதான் வூட்டுக்கு வருவேன். அதுலேருந்து வந்திருக்குமா?"

"இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது."

அவர் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். அந்த அறையில் என்னோடு ஐந்து பேர் இருந்தோம், உண்மை தெரிந்தவள் நான் ஒருத்தி, ஃபைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

மார்ச் 8, சனி

வீட்டில் இருந்த பிளாஸ்டிக் டப்பா, மக்கு, தட்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டி வாசலில் வைத்தேன். அரி உள்ளே வந்து, "பருப்ப கொட்டி வெக்க என்ன பண்றது, என் மடியிலயா?" என்றார். ஆபீஸில் சொன்னார்கள் என்றேன். பொய்க்கு மேல் பொய்யாகத்தான் வருகிறது.

எனக்கு எங்கிருந்து வந்தது? என் புருஷன் பேப்பர் ஃபைலைத்தான் தொடுகிறார். கருவடிக்குப்பத்தில் கம்பெனி எதுவும் இல்லை. நான் வெளியில் சூடாக எதுவும் வாங்கிச் சாப்பிடுவதில்லை. பிறகு எப்படி?

மார்ச் 15, சனி

சாந்தி போன் செய்தார். நான் கேட்காமலே கொட்டினார். "சரத்து செஞ்சிப் பக்கமே போவ மாட்டேங்கறாம்மா. நான் போனா வெஷத்த இட்டுக்கினு போறாப்புலன்றான். வேலைய வுட்டு நின்னுட்டான். கம்பெனித் துணியெல்லாம் கொல்லையில போட்டு கொளுத்திட்டான். அந்தப் பொண்ணு அங்க அழுவுது, இவன் இங்க சுவத்தப் பாத்துக்கினு குந்தியிருக்கான். நீ வந்து ஒரு வார்த்த சொல்லேன், ஒஞ்சொல்லு கேப்பான்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

மார்ச் 19, புதன்

இன்றும் போகவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

வினோதாவுக்குப் பெண் குழந்தை. செஞ்சியில் இல்லை, இங்கேயே ஊருக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில், சிசேரியன். இரண்டு கிலோ எழுநூறு. நன்றாக இருக்கிறதாம்.

செய்தி வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, நல்லபடியாகப் பிறந்தது என்று அல்ல. இனி அந்த மூன்றாவது பாட்டிலை யாரும் கிளற மாட்டார்கள் என்று. எழுதிவிட்டேன். அடிக்காமல் அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 28, வெள்ளி

பிறப்பு விவரம் எழுத வார்டுக்குப் போனேன். குழந்தைக்குத் தலை நிறைய முடி. வினோதா சோர்ந்திருந்தாள், ஆனாலும் எனக்கு நாற்காலி காட்டினாள்.

சரத்குமார் வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார், உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால். சட்டை புதிது, மடிப்புக்கூடக் கலையவில்லை. சாந்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினார். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மூணு வாட்டி குளிச்சிட்டேம்மா. இருந்தாலும் வேணாம். இது நகத்துக்குள்ளல்லாம் இருக்கும்."

"பெத்து நாலு நாளாவுதுடா."

"வேணாம்னா வேணாம்."

வினோதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் படிவத்தில் எடையை எழுதினேன், உயரத்தை எழுதினேன், தலைச் சுற்றளவை எழுதினேன். கையெழுத்து அழகாக வந்திருக்கிறது.

மார்ச் 29, சனி

அரிகிட்ட சொல்லிட்டேன். எல்லாத்தையும். பாட்டிலு, லேபிளு, சரத்குமாரு கைய பின்னால கட்டிக்கினு நின்னது, எல்லாம்.

திட்டுவாருன்னு நெனச்சேன். திட்டல. "ரெண்டு போனப்ப நானும்தான அழுதேன் கலா. எங்கிட்ட கேட்டிருந்தா ஒரு தனியார் லேப்ல குடுத்துப் பாத்திருக்க மாட்டோமா?" அவ்வளவுதான் கேட்டாரு. எனக்கு அது தோணவே இல்ல. சத்தியமா தோணல. கையில பாட்டில் இருந்துச்சு, அவ்ளோதான்.

திங்கள் ரம்ஜான் விடுமுறை. செவ்வாய் ஆபீஸ் திறந்ததும் போய்ச் சொல்ல வேண்டும். கூட வருகிறேன் என்கிறார். வேண்டாம், நான் தனியாகத்தான் செய்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மேடம் முதலில் நம்பவில்லை, தேதியைப் பார்த்து முட்டாளாக்குகிறேன் என்று நினைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் எப்படியாவதுன்னு சொன்னது இதுக்கா?"

"இல்ல மேடம்."

"இதுவரைக்கும் நீ கொண்டாந்த ஒவ்வொரு பாட்டிலையும் இப்ப நான் சந்தேகப்பட்டாகணும். அது புரியுதா ஒனக்கு?"

புரிகிறது. வேறு எதிலும் நான் கை வைக்கவில்லை. ஆனால் அதை அவர் எதற்கு நம்ப வேண்டும்? வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது ஒன்று: அந்த எண்ணையும் அழிக்கிறார்கள். "உன் பேர்லயும் அதப் போட முடியாது. சம்மதப் படிவம் இல்லாம எடுத்த சாம்பிள். அது யாரோடதும் இல்ல" என்றார். இத்தனை பேரைக் குலைத்து நான் தெரிந்துகொண்டதற்கு இப்போது ஒரு காகிதத்தில்கூட இடமில்லை.

வினோதா வீட்டுக்கு மேடமே போன் செய்ய எடுத்தார். நான் நேரில் சொல்கிறேன் என்றேன். நாளை தானும் வருவதாகச் சொன்னார்.

ஏப்ரல் 2, புதன்

இன்று வினோதாவுக்குத் தையல் பிரிக்கும் நாள். சரத்குமார் இன்றும் வாசலில்தான் நின்றார். உள்ளே கூப்பிட்டேன். வந்து கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். தை மாதத்து மூத்திரம் வினோதாவுடையது இல்லை, என்னுடையது. அவள் ஊருக்குப் போய்விட்டாள், நான் ஊற்றி வைத்தேன். அவள் கொடுத்த இரண்டிலும் கம்மிதான். உங்கள் துணியால் எதுவும் வந்ததாக எந்தக் கணக்கும் இல்லை. மேடம் ஆமாம் என்று தலையாட்டினார்.

சாந்தி என்னைக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார். "வயித்துல புள்ளைய வெச்சிக்கினு செய்யிற வேலையா இது?" என்றார்.

சரத்குமார் வெளியே குழாயடிக்குப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. வந்து, ஈரக் கையைப் புதுச் சட்டையிலேயே துடைத்துவிட்டு, வினோதாவிடம் "குடு" என்றார். அவள் கொடுத்தாள். அவருக்குத் தூக்கத் தெரியவில்லை. தலையை எங்கே பிடிப்பது என்று சாந்தி காட்டிக் கொடுத்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, எனக்கு அந்த உரிமை இல்லை.

கிளம்பும்போது வினோதா பேசினாள். என்னைப் பார்க்காமல், போர்வையைப் பார்த்து. "அன்னிக்கே நெனச்சேங்க்கா. மேடம் தை மாசம்னாங்க, நான் தை மாசம் குடுக்கலயேன்னு. நீங்க பக்கத்துல நின்னீங்க. அக்கா இருக்காங்க, தப்பா இருக்காது, எனக்குத்தான் மறந்துபோச்சுன்னு வுட்டுட்டேன்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா வலி வந்துவிட்டது என்று நினைத்து டிரைவரிடம் ஓடப் பார்த்தார்.

ஏப்ரல் 9, புதன்

விடுவிப்புக் கடிதம் வாங்கப் போனேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு மேடம், "உக்காரு. இப்ப டாக்டரா கேக்கறேன். ஒனக்கு எங்கேருந்து வந்தது?" என்றார். கேள்விப் படிவத்தை எடுத்தார். நான் நூற்றைம்பது பெண்களிடம் கேட்ட அதே கேள்விகள். சூடான சாப்பாடு பிளாஸ்டிக் பையில் வாங்குவதுண்டா? இல்லை. டின்னில் அடைத்த உணவு? இல்லை. கடை பில், ஏ.டி.எம். சீட்டு போன்ற வழவழப்பான காகிதத்தைத் தினமும் தொடுவதுண்டா?

இல்லை என்று வாய் சொல்லிவிட்டது. சொல்லி முடிப்பதற்குள் எதிர் மேசையில் சங்கவி மெஷினிலிருந்து லேபிள் உருவிக்கொண்டிருந்தாள். வழவழவென்று. உருவுவதற்கு முன் சானிடைசர் தேய்த்துக்கொண்டாள். நானும் அப்படித்தான், இரண்டு வருடமாக, ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது.

மேடமும் அந்தப் பக்கம் பார்த்தார். "பில் பேப்பர் மாதிரிதான் அதுவும். சூட்டுல எழுத்து வர்ற காகிதம். சானிடைசர் போட்ட கைன்னா இன்னும் சீக்கிரம் உள்ள போகும்" என்று மெல்லச் சொன்னார். பிறகு, "இதுதான்னு சொல்ல முடியாது. இருக்கலாம்" என்றார். சரத்குமாருக்குச் சொன்ன அதே வார்த்தை.

சங்கவிக்கு உடனே கிளவுஸ் வந்தது. இனி எண்களைப் பேனாவால் எழுதப்போகிறார்கள். இந்தக் கேள்வியை எங்களையே கேட்டுக்கொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

வேலை இல்லாத வீடு. கையைக் கழுவுகிறேன், துடைக்கிறேன், கழுவுகிறேன். இரண்டு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் கழுவுகிறேன்.

ஏப்ரல் 30, புதன்

பையன். அதே பெரிய ஆஸ்பத்திரியில், எனக்கும் சிசேரியன். இரண்டு கிலோ எண்ணூறு. அழுதான். நானும்.

மே 3, சனி

எல்லோரும் கேட்கிறார்கள், ஏன் தொட்டிலிலேயே போட்டு வைத்திருக்கிறாய் என்று. பால் கொடுக்க வேண்டும் என்றால் அரியின் அம்மா எடுத்துத் தருகிறார், குடித்ததும் வாங்கிக்கொள்கிறார். வயிற்றுத் தையல் வலிக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். தையல் அவ்வளவு வலிக்கவில்லை. அவன் கன்னத்துக்கு அருகில் என் விரல் போனால் லேபிள் ஞாபகம்தான் வருகிறது.

மே 6, செவ்வாய்

வினோதா வந்தாள். குழந்தைக்கு நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசி போட இதே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். சங்கவி சொல்லியிருப்பாள். வார்டு வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. பின்னால் சரத்குமார், தோளில் பெண்ணைப் போட்டுக்கொண்டு, ஒரு கையாலேயே பிடித்துக்கொண்டு. பழகிவிட்டார். அது அவர் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தது.

"என்ன புள்ள?"

"பையன்."

"எட?"

"ரெண்டு எண்ணூறு."

எத்தனை பேரிடம் நான் கேட்ட கேள்விகள். அவள் தொட்டிலைப் பார்த்தாள், மடியில் மடக்கி வைத்திருந்த என் கையைப் பார்த்தாள். கழுவிக் கழுவித் தோல் வெளுத்துப்போன கை. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை, இப்படி ஒதுங்கிக்கொண்ட கையை அவள் ஏற்கெனவே தன் புருஷனிடம் பார்த்திருக்கிறாள்.

"எங்க வூட்டுக்காரரு எட்டு நாளு தூக்கல" என்றாள். "அந்த எட்டு நாள இனிமே யாரு குடுப்பா. உங்களுக்கு ஆறு நாளு ஆயிருச்சு. தூக்கி வெச்சுக்கங்க."

குரலில் கோபம் இருந்தது. அது போகவில்லை, போகவும் வேண்டாம். வருகிறேன் என்றும் சொல்லாமல் போய்விட்டாள். சரத்குமார் மட்டும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அரியின் அம்மா காபி வாங்கப் போயிருந்தார். எழுந்து நானே தொட்டிலிலிருந்து எடுத்தேன். கழுவாமல்.

நர்ஸ் இரண்டு தடவை வந்துவிட்டாள், தொட்டிலில் போடச் சொல்லி. வலது கையில் அவன் தூங்குகிறான். இடது கையால் எழுதுவதால் எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது.